பிரதிப்பெயரும் பேச்சுரிமையும்: ஒரு வரலாற்று நோக்கு

மொழியிலுள்ள சொற்களுள்ளே பிரதிப்பெயர்கள் மிகச் சிறியன. அடிக்கடி வழங்குவனவும் அவையே. பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக நின்று வாக்கியத்தைச் சுருக்குதல் அவற்றின் தொழிலென இலக்கண நூல்கள் கூறும். ஆயினும் ஒருவரை எப்பிரதிப்பெயராற் சுட்டுதல் வேண்டும் என்னும் வினா இலக்கண வகுப்போடு அமைந்துவிடுவதன்று. அது மதிப்பையும் அதிகாரத்தையும் மனச்சாட்சியையும் பற்றிய வினாவாகவும் மாறிவிடுகின்றது.

கனடா, பெரிய பிரித்தானியா, அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஆகியவற்றிலே அண்மைக் காலத்தில் இவ்வினா நீதிமன்றங்கள் வரை சென்றுள்ளது. பிறப்பிலே ஆணென்றோ பெண்ணென்றோ பதியப்பெற்று, பின்னர்த் தம்மை வேறு பாலினராக உணர்ந்து வாழ்வோர், தாம் வாழும் பாலுக்குரிய பிரதிப்பெயராலேயே பிறர் தம்மைச் சுட்டுதல் வேண்டுமென்கின்றனர். ஆண்பால் பெண்பால் இரண்டனுள்ளும் அடங்காதவராகத் தம்மைக் கருதுவோர், பன்மைக்குரிய 'தே' என்னும் ஆங்கிலச் சொல்லையே தமக்கு ஒருமையாக வழங்குமாறு கேட்கின்றனர். அங்ஙனம் வழங்க மறுப்பது தம்மை மறுப்பதாகும் என்பது அவர்தம் வாதம். தாம் உண்மையென்று நம்பாததொன்றை நாவினாற் சொல்லும்படி எவரையும் வற்புறுத்தலாகாது. வற்புறுத்தினாற் பேச்சுரிமை என்பதற்குப் பொருளே இல்லையாம் என்பது எதிர்த்தரப்பாரின் வாதம்.

இவ்வழக்கு நம் காலத்திலேயே முளைத்ததெனப் பலரும் எண்ணுகின்றனர். ஆயின் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஆங்கில நாட்டிலே ஒரு பிரதிப்பெயரின் பொருட்டு மக்கள் அடியுண்டனர், வீட்டினின்றும் துரத்தப்பட்டனர். அவ்வரலாற்றையும் அதன்பின் நிகழ்ந்த சிலவற்றையும் நோக்கி, அவற்றின் வாயிலாக இக்கால வழக்கினை அளந்தறிய முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய ஆங்கிலத்திலே முன்னிலை ஒருமைக்குத் 'தௌ' என்பதும் பன்மைக்கு 'யீ', 'யூ' என்பனவும் வழங்கின. அக்காலத்தில் அரசனாயினும் ஏவலாளனாயினும் ஒருவனைச் சுட்டுங்கால் 'தௌ' என்பதே வழக்காகும். பதின்மூன்றாம் நூற்றாண்டளவிலிருந்து, பிரெஞ்சு வழக்கின் சார்பினால், உயர்ந்தோரை ஒருவராயினும் பன்மையாற் சுட்டும் வழக்கம் ஆங்கிலத்திற் புகுந்தது. நாளடைவிலே உயர்ந்தோன் தாழ்ந்தோனைத் 'தௌ' என்றும், தாழ்ந்தோன் உயர்ந்தோனை 'யூ' என்றும் சுட்டும் முறைமை நிலைபெற்றது. மேன்மக்கள் தம்முள்ளும் 'யூ' என்றே வழங்கினர். அன்பு மிக்கவிடத்தும், சினம் மிக்கவிடத்தும், இறைவனை வழுத்துமிடத்தும் 'தௌ' வழங்கிற்று. நீ, நீர், நீங்கள் என மூன்று படியாக முன்னிலையைப் பகுத்து வழங்கும் யாழ்ப்பாணத்தார்க்கு இம்முறைமையின் நுட்பத்தை விரித்துரைத்தல் வேண்டுவதில்லை. 'நீங்கள்' என்று விளிக்க வேண்டியவரை 'நீ' என்று விளித்தால் விளையும் பூசலை ஈண்டு யாவரும் அறிவர்.

ஒரு சொல் எத்துணைக் கூரிய படையாகும் என்பதற்கு 1603 ஆம் ஆண்டிலே வின்செஸ்ரர் நகரில் நடைபெற்ற சேர் வால்ற்றர் றாலியின் விசாரணை சான்றாகும். அரச வழக்குரைஞராக நின்று வாதாடிய சேர் எட்வேட் கோக், அரசத் துரோகக் குற்றஞ் சாட்டப்பட்டிருந்த றாலியை மன்றத்திலே வேண்டுமென்றே 'தௌ' என்று சுட்டினார்; அங்ஙனம் சுட்டுவதையும் வெளிப்படக் கூறினார். எலிசபெத்து அரசியின் அவையில் உயர்ந்து நின்ற பிரபுவை ஏவலாளனைச் சுட்டும் சொல்லாற் சுட்டியது தண்டனைக்கு முன்னரே வழங்கிய தண்டனையாயிற்று.

இச்சூழலிலேதான் குவேக்கர் எனப்படும் நண்பர் சமயத்தார் தோன்றினர். அவர்தம் தலைவர் யோர்ச் பொக்ஸ் (1624-1691) லெஸ்ரர் மாகாணத்தில் ஒரு நெசவாளர் குடியிற் பிறந்தவர். செல்வர் வறியர், பெரியோர் சிறியோர் என்னும் வேறுபாடின்றி எல்லோரையும் 'தௌ' என்றே சுட்டுமாறும், எவர்க்கும் தொப்பியைக் கழற்றாதிருக்குமாறும் தமக்கு இறைவன் ஆணையிட்டதாக அவர் கூறினார். அவர் காட்டிய நியாயங்கள் மூன்று. முதலாவது, ஒருவனைப் பலராகச் சுட்டுதல் பொய்யாகும். மெய்யைப் பேசுவோன் பொய்யைச் சொல்லான். இரண்டாவது, இறைவன் முன்னிலையில் மானிடர் யாவரும் சமமானோர். ஒருவர்க்கு ஒரு சொல்லும் மற்றொருவர்க்கு வேறு சொல்லும் வழங்குதல் அச்சமத்துவத்தைக் குலைக்கும். மூன்றாவது, வணக்கத்திற்குரியவன் இறைவன் ஒருவனே. அவனையே 'தௌ' என்று விளிப்போர் மானிடனை அதனினும் உயர்த்தி விளிப்பது அகந்தைக்கு உணவூட்டுவதாகும்.

இக்கொள்கையை நிலைநாட்டுதற்கு 1660 ஆம் ஆண்டிலே பொக்ஸ், யோன் ஸ்ரப்ஸ், பெஞ்சமின் பேளி என்னும் மூவரும் ஒரு நூலை வெளியிட்டனர். சிறார்க்கு எழுத்தறிவிக்கும் பலகையின் வடிவிலே அதன் பக்கங்கள் அமைந்தன. 30க்கு மேற்பட்ட மொழிகளிலிருந்து ஒருமை பன்மை வேறுபாட்டிற்கு எடுத்துக்காட்டுக்கள் அதில் திரட்டித் தரப்பட்டிருந்தன. கற்றறிந்த ஆசிரியர்க்கே ஒருமை பன்மை கற்பிக்க வந்த நூல் அஃது. சமயக் கொள்கைக்கு இலக்கணத்தைச் சான்றாகக் கொண்டமை இங்குக் கருதத்தக்கது. 'மொழியின் மெய்யியல்பு எம் பக்கமே' என்னும் வாதம் இன்றைய வழக்கிலும் கேட்கப்படுகின்றது.

மறுபக்கத்தாரின் சினத்திற்கும் காரணம் இல்லாமலில்லை. உள்நாட்டுப் போரும் அரசனின் கொலைத்தண்டனையும் கண்ட தலைமுறையினர் அவர். தந்தையை மைந்தனும், நீதிபதியைக் குற்றவாளியும், தலைவனை ஏவலாளனும் 'தௌ' என்பராயின் சமுதாயத்தின் கட்டுக்கோப்பே சிதையுமென அவர்கள் அஞ்சினர். ஒக்ஸ்போட் மாகாணத்துச் சமாதான நீதவான் ஒருவரின் மைந்தர் தோமஸ் எல்வூட் (1639-1714). 1659 ஆம் ஆண்டிலே குவேக்கர் கொள்கையைத் தழுவிய அவர், தந்தை முன் தொப்பியோடு நின்றார். தந்தையைத் 'தௌ' என்றார். தந்தை அவரைப் பலமுறை அடித்தார். தொப்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பறித்தார். தொப்பியின்றிக் குளிர்காலத்தில் வெளிச்செல்ல இயலாது மைந்தர் வீட்டிலேயே அடைந்து கிடக்க நேர்ந்தது. இவற்றையெல்லாம் எல்வூட்டே தம் வரலாற்றில் எழுதி வைத்துள்ளார். பிற்காலத்திலே கண்ணொளி இழந்த மில்ற்றன் மகாகவிக்கு இலத்தீன் நூல்களை வாசித்துக் காட்டியவரும் இவரே.

ஒன்றை இவ்விடத்துத் தெளிவாகக் கூறுதல் வேண்டும். 'தௌ' என்று சொல்வதைக் குற்றமாக்கிய சட்டம் எதுவும் இங்கிலாந்தில் இருந்ததில்லை. குவேக்கர் சிறைபுகுந்தது சத்தியஞ்செய்ய மறுத்தமைக்கும், தடைசெய்யப்பட்ட கூட்டங்களை நடத்தியமைக்கும், மன்றத்தை அவமதித்தனர் என்பதற்குமேயாகும். 1662 ஆம் ஆண்டுச் சட்டம் முதற் குற்றத்திற்கு 5 பவுண் வரையும், இரண்டாவதற்கு 10 பவுண் வரையும் தண்டம் விதித்து, மூன்றாவதற்கு நாடுகடத்தலையும் வகுத்தது. ஆயினும் நீதிபதிகளின் சினத்தை மூட்டியவை பெரும்பாலும் தொப்பியும் பிரதிப்பெயருமே. குற்றம் வேறு, சினத்தின் காரணம் வேறு என்னும் இந்நிலை வரலாற்றிற் பலவிடத்துங் காணப்படுவதாகும்.

1670 ஆம் ஆண்டிலே வில்லியம் பென், வில்லியம் மீட் என்னும் இருவரும் இலண்டன் நகர வீதியிற் பிரசங்கஞ் செய்தமைக்காக விசாரிக்கப்பட்டனர். அவர்கள் மன்றத்துட் புகுங்கால் அலுவலர் அவர்தம் தொப்பிகளைக் கழற்றிவிட்டார். நீதிபதிகளோ அவற்றை மீண்டும் அவர் தலையில் வைக்குமாறு பணித்து, பின்னர்த் தொப்பியோடு நின்றமைக்காக ஒவ்வொருவருக்கும் 40 மாக்கு தண்டம் விதித்தனர். யூரிமார் அவ்விருவரையும் குற்றவாளிகளெனத் தீர்க்க மறுத்தனர். உணவும் நீருமின்றி அடைத்து வைக்கப்பட்டும் அவர் மனம் மாறினாரல்லர். அவர்களுக்கும் தண்டம் விதிக்கப்பட்டது. செலுத்த மறுத்துச் சிறைசென்ற எட்வேட் புசெல் முதலியோரைப் பிரதம நீதியரசர் வோகன் விடுவித்து, தம் தீர்ப்பிற்காக யூரிமாரைத் தண்டித்தலாகாது என்று அறுதியிட்டார். ஆங்கில நீதிமுறையின் பெருந் தூண்களுள் ஒன்று இவ்வழக்கில் நாட்டப்பட்டது.

1689 ஆம் ஆண்டுச் சமயப் பொறைச் சட்டம் குவேக்கருக்கு வழிபாட்டுரிமை அளித்தது. 1696 ஆம் ஆண்டுச் சட்டம் சத்தியஞ் செய்வதற்குப் பதிலாக உறுதிமொழி கூறுதற்கு அவர்களை அனுமதித்தது. இப்பின்னைய ஏற்பாடு ஆழ்ந்து சிந்திக்கற்பாலது. மன்றத்திலே மெய்யுரைக்கப்படல் வேண்டும் என்பது அரசின் நோக்கம். ஆணையிடுதல் பாவம் என்பது குவேக்கரின் மனச்சாட்சி. அரசு தன் நோக்கத்தைக் கைவிடவில்லை; குவேக்கரும் தம் மனச்சாட்சியைக் கைவிடவில்லை. இரண்டிற்கும் பொருந்தும் வேறு சொல்லொன்று கண்டுபிடிக்கப்பட்டது.

பிரதிப்பெயர் வழக்கோ வேறு வகையாக முடிந்தது. எல்லோர்க்கும் 'தௌ' என்று குவேக்கர் வேண்டினர். ஆங்கிலேயரோ எல்லோர்க்கும் 'யூ' என்னும் வழக்கை மெல்ல மெல்ல எய்தினர். பதினெட்டாம் நூற்றாண்டிலே 'தௌ' பொதுவழக்கினின்றும் பெரும்பாலும் நீங்கிற்று. குவேக்கர் வேண்டிய சமத்துவம் அவர் வேண்டிய சொல்லாலன்றி, அவர் மறுத்த சொல்லாலேயே கைகூடியது. எச்சட்டமும் இம்மாற்றத்தைச் செய்யவில்லை.

முன்னிலையிலிருந்து படர்க்கைக்கு வருவோமாயின், வேறொரு வழக்கினைக் காண்போம். ஆணையும் பெண்ணையும் பொதுவாகச் சுட்டுதற்கு ஆங்கிலத்திலே தனிச்சொல் இல்லை. பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே 'தே' என்னும் பன்மைச்சொல் இவ்விடத்தில் ஒருமைக்கும் வழங்கி வந்துள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டின் இலக்கணகாரர் அதனை வழுவென்றனர். 1795 ஆம் ஆண்டில் வெளிவந்து பல தலைமுறைக்குப் பாடநூலாக விளங்கிய லிண்ட்லி மறேயின் இலக்கணமும் அதனைத் திருத்தி, ஆண்பாற் சொல்லாகிய 'ஹீ' என்பதையே அவ்விடத்தில் வைத்தது. 1850 ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம், சட்டங்களில் வரும் ஆண்பாற் சொற்கள் பெண்பாலையும் உள்ளடக்கும் என விதித்தது.

அச்சொல் மெய்யாகவே பெண்ணையும் உள்ளடக்கிற்றா? 1867 ஆம் ஆண்டிலே வாக்குரிமைச் சீர்திருத்த மசோதா பாராளுமன்றத்தில் வந்தபொழுது, யோன் ஸ்ருவாட் மில் 'ஆடவன்' என்னும் சொல்லை நீக்கி 'ஆள்' என்னும் பொதுச்சொல்லை வைக்குமாறு மே மாதம் 20 ஆந் திகதி திருத்தம் கொணர்ந்தார். அது 73க்கு எதிராக 196 வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. மறுவருடம் மான்செஸ்ரர் நகரிலே 5,000க்கு மேற்பட்ட பெண்கள் 1850 ஆம் ஆண்டு விதியைக் காட்டித் தம்மையும் வாக்காளராகப் பதியுமாறு வழக்காடினர். மன்றம் அவ்விதி வாக்குரிமைக்குப் பொருந்தாதென்று தீர்த்தது. தண்டிக்குமிடத்துப் பெண்ணை உள்ளடக்கிய சொல், உரிமை வழங்குமிடத்து அவளை வெளியே நிறுத்திற்று. கனடாவிலும் இவ்வாறே மேலவைக்கு நியமிக்கத்தக்க 'ஆட்கள்' என்பதுள் பெண்கள் அடங்கார் என 1928 ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர் நீதிமன்று கூறியது. 1929 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் 18 ஆந் திகதி கோமறைக் கழகம் அத்தீர்ப்பை மாற்றிப் பெண்களும் 'ஆட்களே' என்று தீர்த்தது. சொல் எதுவாயினென்ன, சிறு சொல்லுக்கு இத்துணை ஆரவாரமா எனக் கேட்போர்க்கு இவ்வழக்குகள் தக்க விடையாகும்.

மில்லைப் பற்றி ஒன்று கூறுதல் தகும். 1859 ஆம் ஆண்டிலே சுதந்திரத்தைப் பற்றி அவர் எழுதிய நூலே இன்றும் பேச்சுரிமையின் முதற் சான்றாகக் கொள்ளப்படுகின்றது. ஒருவன் நீங்க உலகமெல்லாம் ஒரு கருத்தினதாயினும், அவ்வொருவன் வாயை அடைக்க உலகத்திற்கு உரிமையில்லை என்பது அந்நூலின் கொள்கை. அரசின் அடக்குமுறையினும் சமுதாயத்தின் அபிப்பிராயம் செய்யும் அடக்குமுறை கொடிதாதல் கூடுமென்றும் அதில் எச்சரித்தார். அவரே எட்டாண்டுகளுக்குப் பின், ஒரு சொல் பெண்களைப் புறந்தள்ளுகின்றதெனக் கண்டு அதனை மாற்றுமாறு பாராளுமன்றத்தில் வாதாடினார். பேச்சுரிமையும் சொல்லில் நீதியும் அவருள்ளத்திலே ஒன்றையொன்று பகைக்கவில்லை. சட்டத்தின் சொல்லை மாற்ற விழைந்தாரேயன்றி மாந்தர் நாவைக் கட்ட அவர் விழைந்தாரல்லர்.

நாவைக் கட்ட விழைந்த அரசுகளும் வரலாற்றில் உண்டு. 1793 ஆம் ஆண்டிலே பிரெஞ்சுப் புரட்சியாளர் சிலர், மதிப்புப் பன்மையாகிய 'வூ' என்பதை ஒழித்து யாவரும் 'ற்றூ' என்னும் ஒருமையையே வழங்கக் கட்டளையிடுமாறு தேசியப் பேரவையை வேண்டினர். பேரவை அதனைச் சட்டமாக்கவில்லை. ஆயினும் அரசாங்க அலுவலகங்களிலும் புரட்சிச் சங்கங்களிலும் அவ்வழக்குப் பரவியது, மீறுவோர் ஐயுறவுக்குள்ளாயினர். புரட்சியின் வேகம் தணிந்ததும் அவ்வழக்கும் தணிந்தது. இத்தாலியிலே 1938 ஆம் ஆண்டில் முசோலினியின் அரசு 'லேய்' என்னும் மரியாதைச் சொல்லை அயலாருடையதென்றும் ஆண்மையற்றதென்றும் பழித்து, அரசாங்க சேவையிலும் கட்சியிலும் 'வோய்' என்பதையே வழங்குமாறு விதித்தது. 'லேய்' என்னும் பெயருடைய மகளிர் இதழொன்றும் தன் பெயரை மாற்றிக்கொண்டது. அவ்விதழின் பெயருக்கு 'அவள்' என்பதே பொருள். அரசு வீழ்ந்தபின் 'லேய்' மீண்டும் தன்னிடத்தைப் பெற்றது.

சுவீடனின் வரலாறு இதற்கு மாறானது. அந்நாட்டிலே ஒருவரைப் பதவிப் பெயராலும் பட்டத்தாலும் சுட்டும் சிக்கலான முறைமை நெடுங்காலம் நிலவிற்று. 1967 ஆம் ஆண்டிலே சுகாதாரத் திணைக்களத் தலைவராகப் பதவியேற்ற புறோர் றெக்செட், தம் ஊழியர் யாவரையும் 'டூ' என்னும் எளிய சொல்லாலேயே சுட்டப்போவதாக அறிவித்தார். முன்னரே தொடங்கியிருந்த மாற்றம் அவ்வறிவித்தலால் விரைவுற்றுச் சில ஆண்டுகளில் நாடெங்கும் பரவியது. படர்க்கையிலே ஆண் பெண் இருபாலுக்கும் பொதுவான 'ஹென்' என்னும் சொல் 1960களிலேயே முன்மொழியப்பட்டும் வழக்கில் ஊன்றவில்லை. 2012 ஆம் ஆண்டிலே சிறுவர் கதைநூலொன்று அதனை எடுத்தாண்டமையால் பெரும் விவாதம் எழுந்தது. 2015 ஆம் ஆண்டிலே சுவீடிய அக்கடமியின் சொற்பட்டியல் அதனை ஏற்றுக்கொண்டது. அச்சொல்லை விரும்புவோர் வழங்குகின்றனர், விரும்பாதோர் வழங்குவதில்லை.

இப்பின்னணியிலே கனடாவின் வழக்கினை நோக்குதல் வேண்டும். 2016 ஆம் ஆண்டு மே மாதம் கனடிய அரசாங்கம் சி-16 எனப்படும் மசோதாவைக் கொணர்ந்தது. இனம், மதம், பால் முதலியவற்றை ஏதுவாகக் கொண்டு பாகுபாடு காட்டலாகாது என்னும் மனித உரிமைச் சட்டத்திலும், குழுக்கள் மீது பகைமையைத் தூண்டுதலைத் தடுக்கும் குற்றவியற் சட்டத்திலும், பால் அடையாளம், அதன் வெளிப்பாடு என்பவற்றைச் சேர்ப்பதே அதன் உள்ளடக்கம். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்து உளவியற் பேராசிரியர் யோர்டன் பீற்றர்சன் அவ்வாண்டு செத்தெம்பரில் இதனை எதிர்த்துப் பேசினார். சட்டத்தினாற் கட்டளையிடப்படும் சொற்களைத் தாம் உச்சரிக்கப்போவதில்லை என்றும், பேசாதே என்று தடுப்பதினும் இதைப் பேசு என்று கட்டளையிடுவது கொடிது என்றும் அவர் வாதித்தார். சட்ட அறிஞர் பலர் அவரை மறுத்தனர். மசோதாவிலே பிரதிப்பெயர் என்னும் சொல்லே இல்லையென்றும், சொல்லை மாற்றிச் சொன்ன மாத்திரத்தில் எவரும் குற்றவாளியாகாரென்றும் அவர் காட்டினர். கனடியச் சட்டத்தரணிகள் சங்கமும் அக்கருத்தையே மேலவைக்கு எழுதிற்று. 2017 ஆம் ஆண்டு யூன் மாதம் 19 ஆந் திகதி மசோதா சட்டமாயிற்று.

எனினும் பீற்றர்சனின் அச்சம் முழுவதும் வெறுங் கற்பனையென்று தள்ளுதலும் நேர்மையன்று. மாகாணங்களின் மனித உரிமை விதிகள் தொழிலிடம், வீடு, கல்விக்கூடம் ஆகியவற்றில் இதனைத் தொடுகின்றன. 2021 ஆம் ஆண்டிலே பிரித்தானியக் கொலம்பிய மாகாண நியாயசபை ஓர் உணவகத்து ஊழியரின் முறைப்பாட்டை விசாரித்தது. அவ்வூழியர் 'தே' என்று சுட்டுமாறு கேட்டும், மேலாளர் ஒருவர் விடாது பெண்பாற் சொல்லாலும் செல்லப் பெயர்களாலும் அவரைச் சுட்டிவந்தார். ஊழியர் அதுபற்றி முறையிட்டபின் வேலை நீக்கப்பட்டார். நியாயசபை பாகுபாடு நிகழ்ந்ததெனத் தீர்த்து 30,000 டொலர் வழங்கப் பணித்தது. ஆகவே சொற்களுக்குச் சட்ட விளைவு இல்லையென்று கூறவியலாது. ஆனால் இங்கே தண்டிக்கப்பட்டது கருத்தொன்றைக் கொண்டிருத்தலன்று. வேலைக்காகத் தம்மை அண்டி நின்ற ஒருவரை நாடோறும் வருத்தியதும் அவர் தொழிலைப் பறித்ததுமேயாகும்.

பிரித்தானியாவிலும் இவ்வேறுபாடே தீர்ப்பின் அடிப்படையாயிற்று. பால் என்பது பிறப்பில் அமைந்தது, மாற்றவியலாதது என்று எழுதிவந்த மாயா போஸ்ற்றேற்றர் என்பாரின் தொழில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதபோது அவர் வழக்காடினார். முதலிற் கேட்ட நியாயசபை அவர் கொள்கை சட்டப் பாதுகாப்புக்குத் தகாதென்றது. 2021 ஆம் ஆண்டு யூன் மாதம் மேன்முறையீட்டு நியாயசபை அதனை மாற்றி, அக்கொள்கையும் பாதுகாக்கப்படுவதே என்று தீர்த்தது. அக்கொள்கையுடையோர் தம் விருப்பம்போற் பிறரைத் தவறான பாலாற் சுட்டி வருத்தலாம் என்பது இதன் பொருளன்று என்பதையும் அத்தீர்ப்பிலேயே தெளிவாக்கிற்று.

அமெரிக்காவிலே சொல்லைத் திணித்தலுக்கு எதிரான நெறி வலிதாக வேரூன்றியுள்ளது. யெகோவாவின் சாட்சிகள் எனப்படும் சமயத்தாரின் பிள்ளைகள் பாடசாலையிலே கொடிவணக்கஞ் செய்ய மறுத்தபொழுது, 1940 ஆம் ஆண்டில் அவர்களுக்கு எதிராகத் தீர்த்த உச்ச நீதிமன்றம், உலகப் போரின் நடுவில், 1943 ஆம் ஆண்டிலே தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. நாட்டுப்பற்றைக்கூட அரசு ஒருவன் வாயில் திணிக்கலாகாது என்பது அதன் முடிபு. இந்நெறி பற்றியே 2021 ஆம் ஆண்டிலே மேன்முறையீட்டு மன்றொன்று ஒகாயோ மாநிலத்து மெய்யியற் பேராசிரியர் நிக்கொலஸ் மெறிவெதர் தொடுத்த வழக்கினைத் தொடர அனுமதித்தது. மாணவி ஒருவர் தம்மைப் பெண்பாலாற் சுட்டுமாறு கேட்டார். பேராசிரியர் தம் சமய நம்பிக்கை காரணமாக மறுத்தார். அம்மாணவியைக் குடும்பப் பெயரால் மாத்திரம் அழைப்பதாகக் கூறினார். பல்கலைக்கழகம் முதலில் அதற்கு இசைந்து பின்னர் மறுத்து, அவரைக் கண்டித்து எழுதிற்று. அடுத்த ஆண்டு இருசாராரும் இணக்கத்தால் வழக்கை முடித்தனர். வகுப்பில் ஏனையோர் யாவரும் மரியாதை அடையோடு அழைக்கப்பட, ஒருவர் மட்டும் வெறும் பெயரால் அழைக்கப்படுதல் அம்மாணவிக்கு இழிவன்றோ என்னும் வினாவும் அவ்வழக்கிலே நின்றது. அடைமொழியை வகுப்பு முழுவதற்குமே விட்டிருந்தால் இருவர்தம் நியாயமும் காக்கப்பட்டிருக்கும்.

இன்று மறுப்போர் தம்மைக் குவேக்கரோடு ஒப்பிடுதல் கூடும். உண்மையல்லாததைச் சொல்லேன் என்பதே குவேக்கரின் முதல் நியாயம், இவரதும் அதுவே. அவ்வொப்புமை மெய்யானது, மனச்சாட்சியின் மறுப்பை நகைத்துத் தள்ளுவோர் எல்வூட்டின் தந்தை நின்ற இடத்தில் நிற்போராவர். ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. குவேக்கர் ஒருவரைத் தனியே பிரித்து மதிப்பை மறுத்தாரல்லர். அரசனையும் இரவலனையும் ஒரே சொல்லாற் சுட்டினர். அவர் மறுப்பினால் எளியோர் எவரும் மேலும் தாழ்த்தப்படவில்லை. இன்றைய மறுப்போ ஏனையோர் யாவர்க்கும் அவரவர் விரும்பும் சொல்லை வழங்கி, எண்ணிற் சிறியோரும் ஏளனத்துக்குப் பழகியோருமாகிய ஒரு சாரார்க்கு மட்டும் அதனை மறுப்பதாகின்றது. அது றாலியின் முன் நின்ற கோக்கின் செயலை ஒத்துவிடும் அபாயம் உடையது. எல்லோர்க்கும் ஒரே சொல் வேண்டுமென்ற குவேக்கரின் இரண்டாவது நியாயத்தை, சுட்டப்படுவோர் தம் பக்கத்துக்கு எடுத்துக்கொள்ளுதல் கூடும்.

தமிழ் இலக்கண மரபு இவ்விடயத்தை அறியாததன்று. தொல்காப்பியர் கிளவியாக்கத்திலே, ஆண்மை திரிந்த பெயர்க்கெனத் தனி ஈறு இல்லையென்றும், அப்பெயர் உயர்திணைக்குரிய பால் ஈறுகளையே கொண்டு முடியும் என்றும் கூறினார். உயர்திணையினின்றும் அவரை நீக்கினாரல்லர் என்பது நோக்கற்பாலது. ஒருவரைப் பன்மையாற் கூறுதலை, இலக்கண நெறிக்கு உரியதன்றாயினும் வழக்கின்கண் உயர்த்திக் கூறும் சொல்லென அதே இயலில் உடன்பட்டார். 'அவர்' என்னும் சொல் ஒருவரையே சுட்டி ஆணையும் பெண்ணையும் பால் காட்டாது மதிப்போடு குறிப்பது தமிழுக்கு வாய்த்த எளிய வசதியாகும். இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் மூன்றாம் பாலினரின் உரிமைகளை ஏற்றுத் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் பணிப்பினைத் தொடர்ந்து, 2022 ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டரசு இத்தகையோரைச் சுட்டுதற்கு மதிப்புடைய தமிழ்ச் சொற்களின் பட்டியலொன்றை வெளியிட்டது. பழைய வசைச் சொற்களுக்குப் பதிலாகத் 'திருநங்கை' என்னும் சொல் அதற்கு முன்னரே மக்கள் வழக்கில் ஏறியிருந்தது.

மேற்கூறிய வரலாற்றினின்றும் சில முடிபுகளைத் துணியலாம். பிரதிப்பெயர் சிறிதாயினும் அதனால் விளையும் மதிப்பும் இழிவும் சிறியனவல்ல. ஆதலின் அதனை வேண்டுவோரை அற்ப காரியத்திற்கு வழக்காடுவோர் எனல் பொருந்தாது. ஒருவர் பால் என்பதைப் பற்றி என்ன கருதுகின்றார், என்ன எழுதுகின்றார், என்ன வாதிடுகின்றார் என்பவற்றில் அரசு தலையிடுதல் ஆகாது. அரசு நாவில் ஏற்றிய சொல் அவ்வரசோடு வீழ்ந்தமைக்கு இத்தாலி சான்று. அதிகாரமுடையோர் தம்கீழ் உள்ளவரைச் சொல்லால் விடாது வருத்துதல் கருத்துரிமையின் பாற்படாது. தொழிலிடத்தில் அதனைத் தடுக்கும் சட்டம் பேச்சுரிமைக்குப் பகையாகாது. கருத்துக்கும் துன்புறுத்தலுக்கும் இடைப்பட்ட நிலத்திலே மனச்சாட்சி மெய்யாகத் தடுக்குமிடத்து, 1696 ஆம் ஆண்டின் உறுதிமொழிச் சட்டம்போல இருசாரார்க்கும் பொருந்தும் வேறு வழியொன்றைத் தேடுதல் அறிவுடைமையாகும்.

இவற்றுக்கும் அப்பால், சட்டம் எட்டாத பெருநிலம் ஒன்று உண்டு. வகுப்பறையும், கடைவீதியும், அயலும், உறவும் அந்நிலத்தைச் சார்ந்தன. ஒருவர் தம்மை எவ்வாறு அழைக்கவேண்டுமென்று கேட்கின்றாரோ அவ்வாறு அழைத்தல் அங்கே கட்டளையன்று, பண்பாகும். கட்டளையாக வந்தால் எதிர்ப்போரும் பண்பாகக் கேட்கப்படுமிடத்து இசைதல் உண்டு. ஆங்கிலேயர் எல்லோரையும் 'யூ' என்றதும், சுவீடியர் எல்லோரையும் 'டூ' என்றதும் அத்தகைய இசைவினாலேயே. மறுக்கும் உரிமை ஒருவனுக்கு உண்டென்று நிறுவுவது, மறுத்தல் தக்கதென்று நிறுவுவதாகாது. உரிமையைக் காத்தல் மன்றங்களின் கடமை. அவ்வுரிமையை எவ்விடத்துக் கையாளுவது, எவ்விடத்துக் கையாளாது விடுவது என்று துணிதல் பேசுவோன் ஒவ்வொருவனதும் பொறுப்பாகும்.